தாயின் பெயர்: வினாயகமூர்த்தி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து "நீங்க என்ன குடி?" என்று கேட்டால், சாராயமா கள்ளா என்று அர்த்தமில்லை. மட்டக்களப்பில் குடி என்றால் வம்சம். அது தகப்பன் வழியில் வராது, தாய் வழியில்தான் வரும். தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கச்சி முறை, கலியாணம் கட்டக்கூடாது. அதனால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்க்க முதலே குடியைத்தான் கேட்பார்கள்.

என்னைப் பெற்றவள் யாரென்று எனக்குத் தெரியாது. ஆகவே குடியும் தெரியாது. இருபது வயது வரைக்கும் அது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. சோற்றில் உப்புக் குறைந்தால் நாக்குக்குத் தெரியும். குடி குறைந்தால் எதற்குத் தெரியும்?

எனக்கு இருந்தது ஒரேயொரு அப்பா. பெயர் வினாயகமூர்த்தி. குருக்கள்மடத்துத் துறையில் பாதை ஓட்டுகிறவர். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற தட்டையான இரும்பு மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர். வாவியையும் நாங்கள் வாவி என்று சொல்வதில்லை, ஆறு என்போம். இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. அப்பாவின் உலகம் இந்த இரண்டு கரைக்கும் நடுவில்தான். அதிகம் பேசமாட்டார். பேசினால் கத்திப் பேசுவார். முப்பது வருடமாக எஞ்சின் சத்தத்துக்கு மேலாகப் பேசிப் பழகிய தொண்டை அது.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு படுவான்கரையில் யுத்தத்தின் குண்டுச் செல்லடி தொடங்கியபோது சனம் ஆற்றங்கரைக்கு ஓடிவந்தது. பாயும் பானையும் ஆடும் கோழியுமாக ஏறிய சனத்தை அப்பா ஒரே நாளில் பன்னிரண்டு தரம் ஏற்றி இறக்கினாராம். ஒன்பதாம் தரம் எல்லோரும் இறங்கிப் போன பிறகு பார்த்தால், பாதையின் கம்பியில் ஒரு பெண் பிள்ளை கட்டிக் கிடக்கிறது. இரண்டு வயது இருக்கும். இடுப்பைச் சுற்றி ஒரு பச்சைச் சால்வை, அதன் மற்ற நுனி கம்பியில். நெரிசலில் தண்ணீருக்குள் விழுந்துவிடாமல் யாரோ கட்டியிருக்கிறார்கள். கட்டினவள் எதையாவது எடுக்கத் திரும்ப இறங்கினாளா, யாரையாவது தேடிப் போனாளா, ஒன்றும் தெரியாது. அப்பா அந்தப் பிள்ளையை அவிழ்க்காமல் இன்னும் மூன்று தரம் போய் வந்தாராம். கட்டினவள் தேடி வந்தால் கட்டின இடத்தில் பிள்ளை இருக்கவேண்டும் என்பது அவருடைய நியாயம். யாரும் வரவில்லை.

அந்தப் பிள்ளைதான் நான். பெற்றவளைப் பற்றி என் முன்னால் யாராவது வாய் திறந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். எறிந்துவிட்டுப் போகிறவள் முடிச்சுப் போட்டுவிட்டுப் போகமாட்டாள்.

அகதி முகாமில் பெயர் கேட்டபோது நான் "ஈசு, ஈசு" என்றேனாம். பட்டியல் எழுதியவர் கேதீஸ்வரி என்று எழுதிவிட்டார். அந்த முகாமிலேயே பிள்ளைகளுக்குக் கிளினிக் வைத்தார்கள். மருத்துவிச்சி நிமிர்ந்தும் பார்க்காமல் கார்ட்டை நிரப்பிக்கொண்டே போயிருக்கிறாள். "தாய்ர பேர்?" என்று கேட்டாள். அப்பா உடனே "வினாயகமூர்த்தி" என்றார். அவளும் அப்படியே எழுதி, முத்திரையும் குத்தித் தந்துவிட்டாள். "ஏன் அப்பா அப்பிடிச் சொன்னீங்க?" என்று பிறகு எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். "ஆர் புள்ளையைக் கொண்டாந்த எண்டு கேக்கிறா எண்டு நினைச்சன் மனே" என்பார். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை பெண்பிள்ளை இரண்டையும் செல்லமாக மனே என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் கார்ட்டைக் காட்டி ஊர் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பிறகு ஒரு பெண் உத்தியோகத்தர் கோப்போடு வந்தா. தனியாக இருக்கிற ஆண்பிள்ளையிடம் பெண் குழந்தையைக் கொடுக்க முடியாது, இல்லத்தில் சேர்க்கவேண்டும் என்றா. அப்பா வாதாடவில்லை. அவருக்கு வாதாடத் தெரியாது. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தின் விறாந்தையில் உட்கார்ந்தார். பதினொரு நாள். காலையில் போவார், பூட்டும்போது வருவார். நான் அங்கேதான் தின்றேன், தூங்கினேன், மூத்திரமும் பெய்தேன். கடைசியில் அப்பாவின் அக்கா ஆச்சிப்பிள்ளை மாமி பாதுகாவலராகக் கையெழுத்துப் போட, பிள்ளையைக் கொண்டுபோ என்று விட்டார்கள். கோப்பு மாமியின் பெயரில், பிள்ளை அப்பாவின் வீட்டில்.

அப்போது அவருக்கு நாற்பது வயது. கலியாணம் கட்டவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு இடம் பேசி வந்தார்கள். செட்டிபாளையத்து இடம் நல்ல இடமாம். பெண் வீட்டார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள், பிள்ளையை மட்டும் இல்லத்தில் விட்டுவிட்டு வரவேண்டும். அப்பா எழும்பித் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாராம்: "பாதையில ஏத்தின ஆளை நடு ஆத்தில இறக்கிற பழக்கம் எனக்கில்ல." இந்த வசனத்தை மாமி எனக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறா. நானும் மனப்பாடமாக்கி வைத்திருந்தேன், ஒருநாள் உதவும் என்று தெரியாமலே.

என் தலையை அவர்தான் பின்னுவார். தோணிக் கயிறு முறுக்குகிற கை. பின்னல் அவிழாது, அந்த இறுக்கத்தில் நான் கண்ணை மூடத்தான் கஷ்டப்படுவேன். புலமைப்பரிசில் வகுப்பில் தாய்மார் கூட்டம் என்று அறிவித்தார்கள். முப்பத்திரண்டு சேலைகளுக்கு நடுவில் ஒரு சாரமும் சேர்ட்டும் போய் முதல் வாங்கில் உட்கார்ந்தது. "ஐயா, இது தாய்மாருக்கான கூட்டம்" என்று ரீச்சர் சொல்ல, "ஓம் ரீச்சர், அதுக்குத்தான் வந்திருக்கன். சொல்லுங்க" என்றார். நான் வெட்கத்தில் செத்துப்போனேன். இப்போது நினைத்தால் அந்த வெட்கத்துக்காகத்தான் வெட்கமாக இருக்கிறது.

நான் பெரியபிள்ளையானபோது கடைக்குப் போய் எனக்குத் தேவையானதை அந்த எஞ்சின் தொண்டையில் கேட்டார். கடையில் நின்ற ஆம்பிளைகள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். "என்ன எல்லாரும் நிலத்தைப் பாக்கிறீங்க? உங்கட வீட்டுப் பொம்பிளையள் மரத்தில காய்ச்ச ஆக்களா?" என்று கேட்டுவிட்டு, சிறகு வைத்ததா வைக்காததா எது நல்லது என்று கடைக்காரனிடம் விளக்கமும் கேட்டிருக்கிறார். பெற்ற மனம் பித்து என்பார்கள். பெறாத மனத்தின் பித்தை நான் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவள்.

இனி ரதீஸுக்கு வருகிறேன். கிரான் ஊர்க்காரன். உர மருந்துக் கம்பனி ஒன்றில் வேலை. படுவான்கரை வயல் வட்டைகளுக்குப் போக வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பாதையில் ஏறுவான். நான் களுவாஞ்சிகுடியில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கிற வேலை செய்கிறேன். லீவு நாளில் அப்பாவுக்குச் சோறு கொண்டு போவேன். சோறு கொண்டுபோகிற நாளாகப் பார்த்து அவனும் ஏறத் தொடங்கினான். மிச்சத்தை நான் விவரிக்கப் போவதில்லை, அது என் சொந்த விஷயம். அவன் நல்லவன். அவனைக் கட்டவேண்டும் என்று நானும் முடிவெடுத்துவிட்டேன்.

ரதீஸின் தகப்பன் இறந்துவிட்டார். வீட்டில் எல்லாம் தாய்மாமன் சாமித்தம்பி சொல்கிறபடிதான். கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கராக இருந்தவர், முறை என்றால் உயிர். அவரிடமிருந்து சேதி வந்தது: "குடி தெரியாத புள்ளையை எப்பிடி எடுக்கிற? நாளைக்கு அது எங்கட குடியாவே இருந்தா, அண்ணனுக்குத் தங்கச்சியைக் கட்டிவைச்ச பாவம் எங்களுக்கு."

எனக்கு வந்த கோபத்தில் ஒரு கோப்பை உடைந்தது. "வா, கலியாணத்தைப் பதிஞ்சு போட்டு எங்கயாவது போவம்" என்றான் ரதீஸ். அப்பாவை விட்டுவிட்டு ஓட நான் கட்டறுத்த மாடா என்று கேட்டு அவன் வாயை அடைத்தேன்.

வழி கண்டுபிடித்தது மாமி. "கச்சேரிக் கோப்பில என்ட கையெழுத்துத்தானே கிடக்குகா? நான் எடுத்து வளத்த புள்ள எண்டு சபையில சொல்லுறன். தாய் நான் எண்டால் குடியும் என்ட குடி. அவங்கட குடி வேற, எங்கட குடி வேற. முடிஞ்சுது." மாமிக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள். பெண்பிள்ளை இல்லையே என்ற சோட்டை எப்போதும் உண்டு. சாமித்தம்பியிடம் நாடி பிடித்துப் பார்த்தார்கள். தாய் என்று ஒருவர் சபையில் பொறுப்பெடுத்தால் தனக்கு அது போதும் என்றாராம். அண்ணன் தங்கச்சிப் பாவம் எங்கே போனது என்று நான் கேட்டேன்.

அப்பாவும் மாமியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஒரே குடி. மாமி அந்தக் குடியைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், அப்பா கொடுக்க முடியாது. ஆண்களிடம் குடி இருக்கும், அவர்களோடேயே முடிந்துவிடும். ஊரையே ஆறு கடத்திவிட்ட மனிதருக்கு அந்த ஒரு சொல்லை எனக்குக் கடத்த வழியில்லை. இன்னொன்றும் இருந்தது. நான் மாமியின் மகள் என்றால் அப்பாவுக்கு நான் யார்? அக்காவின் மகள். மருமகள். அவர் எனக்கு மாமா. சபையில் அப்படித்தான் சொல்லவேண்டும், கலியாணத்திலும் அப்படித்தான் நிற்கவேண்டும், பிறகு கிரான் வீட்டுக்கு வந்தாலும் மாமாவாகத்தான் வரவேண்டும்.

அப்பா ஒரு சொல்லும் சொல்லாமல் சம்மதித்துவிட்டார் என்று மாமி சொன்னதும் நான் துறைக்கு ஓடினேன். நல்ல மத்தியான வெயில். பாதை புறப்பட இருந்தது. பாய்ந்து ஏறினேன். ஏழெட்டுப் பேர் நின்றார்கள், நான் யாரையும் பார்க்கவில்லை.

"பாதையில ஏத்தின ஆளை நடு ஆத்தில இறக்கிற பழக்கமில்லெண்டு சொன்ன ஆள் நீங்கதானே? இப்ப என்ன செய்யிறீங்க?"

அப்பா எஞ்சினைப் பார்த்தபடியே நின்றார். ஆறு பாதி கடந்த பிறகுதான் வாய் திறந்தார். அன்றைக்குத்தான் அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன்.

"நடு ஆத்தில இறக்கல்ல மனே. கரையிலதான் இறக்கிறன். பாதைக்காரன்ட வேலை அதுதானே? அக்கரை வந்தா ஆக்கள் இறங்கிப் போகத்தான் வேணும். நீ அப்பா எண்டு கூப்பிடாட்டி நான் செத்தா போவன்?"

ஊரே வாய்க்காரி என்று பேர் வைத்தவள் நான். அக்கரை வந்தது, எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்காமல் அதே பாதையில் அழுதுகொண்டே திரும்பி வந்தேன். அவர் சொன்னது சரியோ என்று அன்றைக்கு நினைத்துவிட்டேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்று நாளில் அவர்கள் வந்தார்கள். சாமித்தம்பி, ரதீஸின் தாய் வள்ளிப்பிள்ளை, கூட இரண்டு ஆண்கள். எங்கள் வீட்டு நடு அறையில் பாய் விரித்து வெற்றிலை வட்டா வைத்திருந்தது. மாமி பட்டுச்சேலை கட்டி, தாய்க்குரிய இடத்தில் இருந்தா. அப்பா வாசல் பக்கம் ஓரமாக, பெட்டி மடிப்புக் கலையாத புதுச் சேர்ட்டில். சொந்த வீட்டில் விருந்தாளியைப் போல இருந்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் நின்றேன்.

சாமித்தம்பி ஒவ்வொருவராக முறை கேட்டார். மாமி தான் தாய் என்றா, குடியும் சொன்னா. குரல் பிசகவில்லை. பிறகு அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, புள்ள உங்களுக்கு என்ன முறை?"

அப்பா தொண்டையைச் செருமினார். "மரு..." என்றார். நின்றது. நெஞ்சைத் தடவிக்கொண்டு மறுபடி, "மரு..."

மூன்று நாளாக அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார். கிணற்றடியில் வாய் முணுமுணுத்ததை நான் கண்டிருக்கிறேன். மூன்றாம் தரமும் "மரு..." என்று தொடங்கினார். இந்தத் தரம் சொல்லிவிடுவார் போல இருந்தது. கண் கலங்கி, உதடு கோணி, எனக்காகச் சொல்லிமுடித்துவிடப் போகிறார்.

நான் தட்டை நிலத்தில் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்கு. தேத்தண்ணி வெற்றிலை வட்டா வரைக்கும் பாய்ந்தது. அறைக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து கிளினிக் கார்ட்டைக் கொண்டுவந்து சாமித்தம்பியின் கையில் கொடுத்தேன்.

"வாசியுங்க மாமா. சத்தமா வாசியுங்க."

"என்ன புள்ள இது?"

"தாய்ர குடிதானே புள்ளைக்கு? தாய்ர பேர் அதில கிடக்கு."

அவர் கண்ணாடியைப் போட்டார். தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். "தாயின் பெயர்..." என்று இழுத்தார். "வினாயகமூர்த்தி." கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சாமித்தம்பி சிரிக்கவில்லை.

"இது எழுதினவட பிழை."

"பிழையில்ல. எனக்குப் பாலைக் கரைச்சுத் தந்த ஆர்? தலை பின்னின ஆர்? தாய்மார் கூட்டத்துக்குப் போன ஆர்? நான் பெரியபிள்ளையானதை ஊருக்குக் கேக்கக் கடையில கத்தின ஆர்? மாமி நல்லவ, எனக்காகப் பொய் சொல்லுறா. ஆனா என்ட தாய் அந்தா வாசலில இருக்கிறார். நீங்க கட்டச் சொன்னாலும் சரி, எழும்பிப் போனாலும் சரி. கரை வந்திட்டுதெண்டு அவர் சொல்லுறார். நான் இறங்க மாட்டன்."

"ஆம்பிளை தாயாகேலுமா? ஊர் சிரிக்கும் புள்ள!" சாமித்தம்பி எழும்பிவிட்டார். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். "தம்பி, உங்கட வாயால ஒரு சொல்லுச் சொல்லுங்க. இவ உங்களுக்கு ஆரு?"

"மகள்."

எஞ்சின் தொண்டை. பக்கத்து வளவு நாய் குரைத்தது. மருவும் இல்லை, திக்கலும் இல்லை. அப்பா எழும்பி நின்றார், ஓரத்தை விட்டு நடு அறைக்கு வந்தார். "என்ட மகள். ஊர் சிரிக்கட்டும். பதினெட்டு வருசமாச் சிரிக்கிற ஊர்தானே. எனக்கு வேற முறை சொல்ல வருகுதில்ல ஐயா. முயற்சி பண்ணிப் பாத்தன்."

மாமி பட்டுச்சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதா. சாமித்தம்பி வாசலில் செருப்பைத் தேடினார். ரதீஸ் என் கையைவிட்டுப் போகிறான் என்று தெரிந்தது. ஆனாலும் அந்த ஒரு சொல்லைத் திருப்பி எடு என்று கேட்டிருந்தால் நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

அப்போது அதுவரை வாயே திறக்காமல் இருந்த வள்ளிப்பிள்ளை பேசினா.

"அண்ணன், செருப்பை விட்டுட்டு வந்து இரிங்க. குடி பொம்பிளையட சொத்து. உங்கட குடியும் எங்கட அம்மா தந்ததுதான். கேக்கவேண்டிய ஆள் நான்."

கார்ட்டை வாங்கித் தானும் ஒருதரம் பார்த்தா. என்னைப் பார்த்தா. அப்பாவைப் பார்த்தா. "தாயைப் போல புள்ள எண்டு சும்மாவா சொன்ன? ரெண்டுக்கும் ஒரே பிடிவாதம்" என்றா. பிறகு தலைப்பைச் சரிசெய்து, சம்பந்தி அம்மாவைப் பார்த்துக் கேட்கிற அதே மரியாதையோடு அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டா.

"புள்ளையட தாய், நீங்க என்ன குடி?"

அப்பா தன் தாயின் குடியைச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் ஆராய்ச்சி பண்ண நாலு பேர் கிளம்பி வருவார்கள். "எங்கட குடி வேற" என்றா வள்ளிப்பிள்ளை. "அப்ப தேத்தண்ணியைத் திரும்ப ஊத்துங்க." சாமித்தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து இருந்தார். கலியாண நாளில் தான் வரமாட்டேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வருவார். வராவிட்டாலும் கலியாணம் நடக்கும்.

வைகாசியில் நாள் வைத்திருக்கிறோம். போன கிழமை கலியாணக் கார்ட் அடிக்கக் கொடுத்தேன். நேற்றுப் பாமசியில் வேலையாக நின்றபோது அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது.

"தங்கச்சி, ஒரு பிழை கிடக்கு. தகப்பன்ட பேர் வாற இடத்திலயும் வினாயகமூர்த்தி, தாய்ர பேர் வாற இடத்திலயும் வினாயகமூர்த்தி எண்டு எழுதிக் குடுத்திருக்கிறீங்க. தாய்ர பேரைச் சொல்லுங்க, திருத்துறன்."

"பிழையில்ல அண்ணன்" என்றேன். "அப்பிடியே அடியுங்க."